பஸ் ஸ்டாண்டில் வைத்த உன் படம்

கதிர்,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அந்த வித்தையை உன் அப்பாவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாய். அவர் இப்போது நேரில் பேசும்போதே என்னை அப்படி ஓடவிடப் பார்க்கிறார். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பக்கத்தில் ஏதாவது வைத்துக் கொறித்துக்கொண்டே படி. சும்மா சொல்லவில்லை, அதற்கும் காரணம் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள். சம்பா அறுப்பு முடிந்துவிட்டது, தரிசில் விதைத்த பயறு இரண்டு இலை விட்டிருக்கிறது, வீட்டில் வெள்ளையடிக்கிற வாடை. பொங்கலுக்கு வந்தபோது நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? "என் போட்டோவ எங்கயும் ஃபிளெக்ஸ் வைக்கக் கூடாது. வச்சா மாப்பிள்ளை அழைப்புக்கே வர மாட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். உன் சித்தப்பா "பயலுக்கு வெக்கம் வந்துடுச்சுடோய்" என்று தொடையைத் தட்டினார். நான் சிரிக்கவில்லை. தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சித்தப்பா கேட்பாரா? நம் பக்கத்தில் காதுகுத்துக்கே தெருவை மறைத்துப் படம் வைப்பார்கள், அண்ணன் மகன் கல்யாணத்தை விடுவாரா? மண்டப வாசலுக்கு இருபது அடிக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். முந்தாநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஃபிளெக்ஸ் கடை ரவி. "அக்கா, ஒங்க கொழுந்தனாரு தம்பி போட்டோவக் குடுத்துட்டுப் போயிருக்காரு. மிஷின்ல ஏத்தணும். அதுக்கு முன்னாடி ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்…" என்றார். "அப்புறம் சொல்றேன் ரவி" என்று வைத்துவிட்டேன். இட்லி கல்லாகப் போய்விட்டது, அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

உனக்கு ரவி என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். நீ ஏழாவது படிக்கும்போது உன் மானத்தை வாங்கியவர். இன்றைக்கும் அவர் கடை வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வருகிறாய். கதிர், அதைச் செய்தது அவர் இல்லை. நான். பதினாலு வருஷமாக உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம். அந்தப் பொய்யோடு உன்னைக் கல்யாண மேடையில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மகளிர் குழு ஆரம்பித்த சமயம். வறுத்த பாசிப்பயறு, கறுப்பு எள், பொரித்த சம்பா அரிசி, வெல்லப் பாகு. பின்கட்டில் உட்கார்ந்து உருட்டுவோம். சத்து உருண்டை என்று பெயர் வைத்தோம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நல்ல உருண்டை. நீயும் அப்போது உருண்டையான பிள்ளைதான். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பையைக் கழற்றாமலே சமையலறைக்கு வருவாய். வழியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் தின்றிருப்பாய், விரலில் மசாலா ஒட்டியிருக்கும். நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், விரலைப் பார்ப்பேன். "இன்னிக்கு என்ன தின்ன?" இதுதான் என் முதல் கேள்வி. பரீட்சை எப்படி, யாரோடு விளையாடினாய், ஒன்றும் கேட்க மாட்டேன். பிஸ்கட் டின்னை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன், நீ கண்டுபிடிப்பாய், நான் கத்துவேன். மத்தியானம் தின்ற சாதம் நாலரைக்குத் தாங்குமா? வளர்கிற பிள்ளைக்குப் பசிக்கத்தானே செய்யும்? அந்தச் சாதாரண விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. உன் பசியை நான் திருட்டை விசாரிப்பது போல விசாரித்தேன்.

அந்தச் சமயத்தில் குழுக்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பேச வந்தவர் சொன்னார்: "ஜனங்க பொருள வாங்க மாட்டாங்கம்மா, கதையத்தான் வாங்குவாங்க. ஒங்க வீட்டுலயே ஒரு கதை இருக்கும், தேடிப் பாருங்க." அவர் மேல் தப்பில்லை. நான்தான் வீட்டுக்கு வந்து தேடினேன். கதை கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

உன் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ரவி கடைக்குப் போனேன். நீ கையில் உருண்டையை வைத்துக்கொண்டு 'ஆ'வென்று வாயைத் திறந்திருக்கும் படம். இடது பக்கம் அதைக் கறுப்பு வெள்ளையில் வைத்து மேலே 'அன்று' என்று போடச் சொன்னேன். வலது பக்கம் 'இன்று'. இன்று எங்கே இருக்கிறது? நீ இளைக்கவே இல்லையே! உருண்டையை நீ ஒழுங்காகத் தின்னக்கூட ஆரம்பிக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல எளைக்க வச்சிரு ரவி" என்றேன். ரவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தம்பிகிட்டக் கேட்டீங்களாக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எம் புள்ளைய நான் போடுறதுக்கு யாரக் கேக்கணும்? நீ போடு."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கன்னத்தக் கொற. தாடைய இன்னும் கொஞ்சம். கழுத்து தெரியட்டும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செதுக்க வைத்தேன். கடைசியில் திரையில் ஒரு ஒல்லிப் பையன் நின்றான். யார் பெற்ற பிள்ளையோ. அவன் எனக்கு அழகாகத் தெரிந்தான், கதிர். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த பாதியையும் நீ தெரிந்துகொள். குடவாசல் பஸ் ஸ்டாண்டில், பேக்கரிக்கு எதிரே, கும்பகோணம் பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு சனிக்கிழமை பலகை ஏறியது. 'மூன்றே மாதத்தில் மாற்றம்!' என்று கீழே கொட்டை எழுத்து. இரண்டாம் நாளே உன் முத்துப்பேட்டைப் பெரியம்மா பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். கறுப்பு வெள்ளையில் பிள்ளை படம், 'அன்று' என்று வேறு எழுதியிருக்கிறது. கண்ணீர் அஞ்சலி என்றே நினைத்து, அங்கேயே இறங்கி, மாலை வாங்கிக்கொண்டு, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததே நீதான். அவள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உன் கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நாமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பெரியம்மாவுக்கு என்னமோ கிறுக்கு என்று நினைத்தாய். நீ இன்னும் பலகையைப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தாய். பார்த்தது நீ மட்டுமா? நூறு பிள்ளைகள் பார்த்தார்கள். பலகையில் ஒல்லிப் பையன், அதற்குக் கீழே நிஜத்தில் நீ. "என்னடா கதிரு, இன்றுன்னு போட்டிருக்கு, நீ இன்னும் அன்றாவே இருக்கியே!" அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயர். 'அன்று வர்றான்டா', 'அன்று, பந்த எடுத்துப் போடு'. வாயை ஆவென்று திறந்து காட்டுவார்களாம். டீக்கடையில் என்னிடமே கேட்டார்கள்: "அந்த ஒல்லிப் பையன் யாருங்க, ஒங்க மூத்தவரா?" நமக்கு ஏது மூத்தவன்! உருண்டை வாங்கிக்கொண்டிருந்த கடைகள் எல்லாம் திருப்பிக் கொடுத்தன. "ஒங்க பையனுக்கே வேலை செய்யலயேக்கா" என்றார் ஒருவர். அவர் கேட்டதில் என்ன தப்பு? டப்பா டப்பாவாக எறும்புக்குப் போயிற்று. நல்ல பண்டம், என் வாயால் கெட்டது.

பலகையைப் பார்த்த அன்று மாலை நீ பின்கட்டுக்கு வந்து நின்றாய். பன்னிரண்டு பேரும் உருட்டிக்கொண்டிருந்தோம். உன் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. "யாரும்மா அத வச்சது?" என்று கேட்டாய். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், "அந்த ஃபிளெக்ஸ் கடைக்காரன்டா. படத்தக் குடுத்தேன், அவனா இப்படிப் பண்ணிட்டான்" என்றேன். பதினோரு பேரும் குனிந்து மறுபடி உருட்ட ஆரம்பித்தார்கள். நீ என்னை அப்படியே நம்பினாய். "நாளைக்கே எடுக்கச் சொல்றேன்" என்றும் சொன்னேன். எடுக்கவில்லை, கதிர். இன்னும் பதினைந்து நாள் அது அங்கேயே இருந்தது. எப்படியாவது விற்றுவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

நீ வாய்க்காலில் இறங்கி இரண்டு கை சேற்றை அள்ளிக்கொண்டு போய் ரவி கடைக்குள் எறிந்தாய். அவர் சட்டையெல்லாம் சேறு. அப்படியே நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். இப்போது போட்டு உடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த உன்னைப் பார்த்தார். "தம்பி, தப்பு என் மேலதான். கேக்காமப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க" என்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. போய்விட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும், ஒரு இடத்திலும் அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் செய்யாத குற்றத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டது எனக்காக இல்லை. உனக்கு அம்மா ஒருத்தி மிச்சமிருக்கட்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு நீ வாய்க்கால் கரையோடு சுற்றிப் பள்ளிக்கூடம் போனாய். நாலரை மணிக்குச் சமையலறைக்கு வருவது நின்றது. நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன்! "பையன் நொறுக்குத் தீனிய விட்டுட்டான்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினேன். இரண்டு மாதம் கழித்து அப்பா மோட்டார் கொட்டகையில் ஆயில் டின்னை நகர்த்தினார். பின்னால் சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றும் சின்னச் சதுரமாக மடித்து, செங்கல் சந்தில் செருகியிருந்தது. உன் அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. "புள்ள ஒளிஞ்சு திங்கிறான்டி. நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்?" என்று மட்டும் கேட்டார். நான் அவற்றை வைக்கோலோடு போட்டுக் கொளுத்தினேன். உன்னிடம் வந்து பேசவில்லை. அப்போதாவது பேசியிருக்கலாம்.

உருண்டை எப்படிப் பிழைத்தது என்று நீ கேட்டதே இல்லை. அடுத்த அறுப்புக்கு வெளியூர் மிஷின் வந்தது. டிரைவர்கள் சாயங்காலம் டீயை மட்டும் குடித்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். ஒரு பேசினில் உருண்டையைப் போட்டு வரப்பில் வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்றிருந்தது. திரும்பி வந்தால் பேசின் காலி. மறுநாள் அவர்களே கேட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் நம் உருண்டைக்குப் படமும் கிடையாது, வசனமும் கிடையாது. நாளைக்கு உனக்கும் நிவேதாவுக்கும் பிள்ளை பிறந்தால் இதை மட்டும் செய்யுங்கள்: நாலரை மணிக்கு ஒரு தட்டில் வேகவைத்த பயறோ, கொய்யாவோ, உருண்டையோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எண்ணாதீர்கள். தின்றால் பரிசு, தின்னாவிட்டால் திட்டு என்று எதுவும் வேண்டாம். சிப்ஸ் கேட்டால் என்றைக்காவது வாங்கி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தின்னுங்கள். மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்கு வரக் கூடாது.

நீ இப்போது ஒல்லியாகத்தான் இருக்கிறாய். அந்தப் பலகையில் நான் செதுக்கிய பையன் மாதிரியே. பார்க்கும்போது எனக்குத் திக்கென்கிறது. தீபாவளிக்கு ஒரு முறுக்கை எடுத்து, பாதியாக உடைத்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, இரண்டு பாதியையும் திரும்பத் தட்டில் வைத்தாய். பையில் டப்பா வைத்து பாதாமை எண்ணித் தின்கிறாய். அதை ஆரோக்கியம் என்கிறாய். இருக்கலாம், எனக்கு அவ்வளவு படிப்பில்லை. ஆனால் போன வாரம் நிவேதா பேசினாள். அந்தப் பெண் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கேட்டாள்: "அத்தை, அவருக்கு என்னைப் பிடிச்சிருக்குல்ல?" ஏம்மா என்றேன். "நாலு தடவ வெளில போயிட்டோம். நான்தான் சாப்பிடறேன். அவரு காபியோட சரி. என் முன்னாடி ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்கறாரு" என்றாள். "அவன் கூச்சப்படுவான்மா" என்று சமாளித்தேன். அவளிடமும் பாதிதான் சொன்னேன் பார். கூச்சம் உன்னுடையது, அதை ஊட்டி வளர்த்தது நான். அந்தப் பிள்ளை தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வரக் கூடாது. அவளிடம் இதைக் காட்டு. முழுசாகக் காட்டு.

நேற்று உன் சித்தப்பாவையும் அப்பாவையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குழுப் பெண்கள் நாலு பேரும் உடன் இருந்தார்கள், அவர்களுக்குத்தான் முதலிலேயே தெரியுமே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா போனை எடுத்து உன் படத்தை ஒரு தரம் பார்த்தார். அப்புறம், "அப்ப மணமக்கள் பேரு மட்டும் போட்டுக்குவோம் அண்ணி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எம் போட்டோவாச்சும் ஓரமா வச்சுக்கட்டுமா?" என்றார். வைத்துக்கொள்ளட்டும், பாவம், கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்.

அங்கிருந்து ரவி கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், "விடுங்கக்கா, அதெல்லாம் எப்பவோ… தம்பி நல்லாருக்கா?" என்றார். கடையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு மட்டும் நான் இன்னும் பத்திரிகை வைக்கவில்லை. நீ வந்து வைப்பாயா? வைக்கத்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். என்னை நீ மன்னிக்க நாளாகலாம். அவரைக் காக்க வைக்காதே.

இதோடு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். அந்தப் படம்தான். பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. முழுசாகப் பார். நம் வயல், பயறு எடுக்கிற நாள். என் இரண்டு கையும் மண். நீ எனக்கு உருண்டை ஊட்டுகிறாய். "ஆ காட்டும்மா, ஆ" என்று சொல்லிச் சொல்லி, நான் திறக்க வேண்டிய வாயை நீ திறந்திருக்கிறாய். பிள்ளைக்கு ஊட்டுகிற எல்லோரும் அப்படித்தான் திறப்பார்கள், தெரியாமலே. தீனிக்கு அலைகிறான் என்று ஊரே சிரித்ததே, அந்த வாய் நீ தின்பதற்காகத் திறந்தது இல்லை. எனக்குக் கொடுப்பதற்காகத் திறந்தது. பலகையில் என் பக்கத்தை வெட்டிவிடச் சொன்னவளும் நான்தான்.

தாலி கட்டி முடிந்ததும் பாலும் பழமும் கொடுக்க என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். முன்னூறு பேர் பார்ப்பார்கள். உனக்கு மனசில்லை என்றால் வாயைத் திறக்காதே. நான் நெற்றியில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு இறங்கிவிடுவேன், சத்தியமாகக் கோபித்துக்கொள்ள மாட்டேன். திறந்தாயானால் ஸ்பூனை நீட்டும்போது நானும் ஆவென்று வாயைத் திறப்பேன், என்னால் அடக்க முடியாது. போட்டோக்காரர் எடுத்தால் எடுக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம்.

உன் அம்மா